அண்டியாபீஸ்ல ஈசலும் சினிமாவும்

தக்கலைப் பக்கம் நடந்த ஒரு குறும்பட ஷோவுக்கு தங்கச்சியோட போயிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பை கூட இன்னும் பிரிக்கல, சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். எப்படிப் போறது, எவ்ளோ ஆகும்னு வரிசையா சொல்றேன்னு வேற ஃப்ரெண்ட்ஸ்கிட்ட வாக்கு குடுத்திருக்கேன், பாப்போம்.

நெல்லைல பஸ் ஏறி தூங்கிட்டேன், முப்பந்தல் காத்தாடி தெரிஞ்சப்போதான் முழிப்பு. வடசேரில மாறி தக்கலை. தங்கச்சிக்கு மகளிர் பஸ்ல ஓசி, எனக்கு மட்டும் டிக்கெட், அதுக்கு வழி முழுக்க ஒரு சிரிப்பு வேற. சாயங்காலம் வரைக்கும் பத்மநாபபுரம் அரண்மனை பாக்கலாம்னு பிளான். போனா பூட்டு. திங்கக்கிழமை லீவாம்! அரண்மனை நிக்கிறது தமிழ்நாட்டுல, நடத்துறது கேரள அரசு, ரெண்டு பக்கத்து லீவையும் யோசிச்ச நான் திங்கக்கிழமையை மட்டும் யோசிக்கல.

அடுத்தது படம் போடுற இடத்துக்கு ஆட்டோ. ரெண்டு கிலோமீட்டர் கூட இருக்காது, 200 ரூபா கேட்டாரு. ஏன் அண்ணாச்சின்னா "மழை வருதுல்லா"ங்கறாரு. ஒரு சொட்டு விழல அப்போ! 150க்கு இறங்கினாரு, அந்தக் காசுக்கு நான் பஸ்லயே நாகர்கோவில் போயி டீயும் ரசவடையும் தின்னுட்டுத் திரும்பி வந்திருப்பேன். இறங்கினதும் கொட்டோ கொட்டுன்னு கொட்டிச்சு, அது வேற விஷயம்.

தியேட்டர்னு சொன்னாங்க, பாத்தா பழைய அண்டியாபீஸ், அதான் முந்திரி ஆலை. முந்திரி வறுத்த வாசம் செவுத்துல இன்னும் இருக்கு. மேல தகர ஷீட்டு, கீழ நாப்பது பிளாஸ்டிக் சேர், ஒரு வெள்ளைத் திரை. சனி ஞாயிறு நிச்சயதார்த்தத்துக்கு வாடகைக்குப் போயிடுமாம், அதான் திங்கக்கிழமை ஷோ. டிக்கெட் 100, கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) சேர்த்து. இது நியாயம்.

முதல்ல பிரமோத் பதி 1968ல மத்திய அரசோட ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு எடுத்த 'எக்ஸ்ப்ளோரர்'. கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள பத்து ஷாட்டு, காதைக் கிழிக்கிற சத்தம், எனக்குத் தலைவலி. ஆனா அரசாங்கக் காசுல இப்படி ஒரு கிறுக்குத்தனத்தைப் பண்ணியிருக்காருன்னு நெனச்சா மனுஷனைக் கும்பிடத் தோணுது. அடுத்து மாயா டெரன் 1943ல எடுத்த படம், சாவி, கத்தி, மூஞ்சிக்குப் பதிலா கண்ணாடி வச்ச ஒரு உருவம், தங்கச்சி என் கையப் புடிச்சவ விடவே இல்ல. சிரிப்பெல்லாம் போயிடுச்சு.

அப்புறம்தான் 'மோத்லைட்'. ஸ்டான் பிராக்கேஜ், 1963, மொத்தமே நாலு நிமிஷம். காமிராவே கெடையாது. செத்த விட்டில்பூச்சி றெக்கை, இதழ், புல்லு இதையெல்லாம் ரெண்டு ஒட்டு டேப்புக்கு நடுவுல வச்சு ஒட்டி, அதையே பிரிண்ட் போட்டு ஓட்டியிருக்காரு. சத்தமும் கெடையாது. வீட்ல மொபைல்ல ஒரு தடவ போட்டுட்டு முப்பது செகண்டுல தள்ளிவிட்டவன் நான். இங்க தகரத்துல மழை விட்டு விட்டுச் சொட்டுது, படம் ஆரம்பிச்சு கொஞ்சத்துல ஜன்னல் வழியா ஈசல் உள்ள வந்துடுச்சு மக்கா! ஒண்ணு ரெண்டு இல்ல, கும்பலா, நேரா புரொஜக்டர் வெளிச்சத்துக்குள்ள. திரைல துடிக்கிறதுல எது அறுவது வருஷம் முன்னாடி செத்த றெக்கை எது இப்போ மழைக்குப் பொறந்து வந்த றெக்கைன்னு பிரிக்கவே முடியல, ஆபரேட்டர் தம்பி துண்டை எடுத்து விரட்டப் போனாரு, பின்னாடி இருந்து ஒரு பெரியவரு "விடுலே, அதுவும் பாத்துட்டுப் போட்டும்"னாரு. ஹாலே சிரிச்சு அடங்குறதுக்குள்ள படம் முடிஞ்சிடுச்சு. இன்னொரு தடவ போடுங்கன்னு கேட்டு, போட்டாங்க. அப்போ ஈசல் வரல. சாதாரணமா இருந்துச்சு, உண்மையச் சொல்றேன்.

கடைசியா கிறிஸ் மார்க்கரோட 'லா ஜெட்டே', 1962, கிட்டத்தட்ட முழுசும் வெறும் ஸ்டில் போட்டோ, ஒரே ஒரு இடத்துல மட்டும் அசையும். எங்கன்னு சொல்லமாட்டேன். அது முடிஞ்சு கலந்துரையாடல்னு ஒரு மணி நேரம் அறுத்தாங்க பாருங்க, பேசினவர்ல பாதிப் பேரு படத்தைப் பத்திப் பேசல, தன்னைப் பத்திப் பேசினாங்க. நைசா எந்திரிச்சு வந்துட்டோம்.

ரோட்டோரக் கடைல மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) சாளை மீன் கறியும், வாழை இலைல, ஆவி பறக்க. கறில புளியும் வத்தலும் மேல நிக்குது, ரெண்டு தடவ கிழங்கு கேட்டு வாங்கியும் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆட்டோக் காசை விடக் கம்மிதான். கடைக்கார அக்கா, "எந்தப் படம் பாத்துட்டு வாறிய?"ன்னு கேட்டாங்க. காமிரா இல்லாம, பூச்சி றெக்கைய ஒட்டியே எடுத்த படம்க்கான்னேன்.

கறிய இன்னொரு கரண்டி ஊத்திட்டே சொன்னாங்க: "அப்போ காமிரா வாடகை மிச்சம்லா மக்களே."