டாம்பா விரிகுடாவின் பழைய பாலம்

நேற்று புளோரிடாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் சுங்கம் கட்டிக் கடந்தோம். மஞ்சள் வண்ணக் கம்பிகள் வெயிலில் மின்னின. எனக்கு மனமெல்லாம் அந்தப் பழைய பாலத்தின் மேலேயே இருந்தது.

1954இல் அது திறக்கும்வரை இந்த டாம்பா விரிகுடா வாயைப் படகில்தான் கடந்தார்கள். 1971இல் பக்கத்திலேயே இன்னொரு பாலம் வந்தது. அப்புறம் 1980 மே 9. காலையில் திடீர்ப் புயல்மழை, எதிரே எதுவும் தெரியவில்லை. 'சம்மிட் வென்ச்சர்' என்ற சரக்குக் கப்பல் தூணில் மோத, தெற்கு நோக்கிய பாலம் இடிந்து விழுந்தது. ஒரு பேருந்தும் பல கார்களும் கடலுக்குள். 35 பேர் போய்விட்டார்கள். ஒரு கார் மட்டும் உடைந்த விளிம்பில் நின்றது. இடைவெளி ஒரு முழம்கூட இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

1987இல் வந்த புதிய பாலத்தின் தூண்களைச் சுற்றி, கப்பல் முட்டினாலும் தாங்கும் தடுப்புகளைக் கட்டியிருக்கிறார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

பழைய பாலத்தின் மிச்சம் இன்று மீன்பிடி மேடை. அங்கே ஒரு பெரியவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். வாளியில் இரண்டு மீன். பக்கத்தில் ஒரு கூழைக்கடா, வாளியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.