நெட் விஷுவல் ஆர்ட்: ஒரே ஒரு முன்வரைவை வைத்துப் பரோக் முழுவதையும் படித்த விதம்

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது, ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) கிடைத்துவிட்டது, படபடப்பு இன்னும் அடங்கவில்லை. எப்படிப் படித்தாய் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: பரோக்குக்கு (பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப் பாணி) ஓவியர் பட்டியலை உருப்போடாதீர்கள். ஏதாவது ஒரு கோயில் பீட ஓவியத்தை எடுத்து, அதன் முன்வரைவில் (பெரிய ஓவியத்துக்கு முன் செய்யும் சிறிய மாதிரி) தொடங்கி இன்று அது இருக்கும் இடம் வரை விடாமல் பின்தொடருங்கள்.

நான் எடுத்தது பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் வரைந்த 'சவேரியாரின் அற்புதங்கள்'. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் உள்ள இயேசு சபைக் கோயிலின் தலைமைப் பீடத்துக்காக 1617-18 வாக்கில் செய்தது. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தாரே, அதே சவேரியார். முன்வரைவு மரப்பலகையில், ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பீடத்துக்குப் போனது கேன்வாஸ், ஐந்து மீட்டருக்கும் மேல். இரண்டுமே வியன்னா கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அதனால் படங்களை அருகருகே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு நடுவே பார்வையற்ற ஒருவர் இரண்டு கையையும் நீட்டித் துழாவிக்கொண்டு வருவார், மேலே கோயிலில் சிலை உடைந்து சரியும், கறுப்பு அங்கியில் சவேரியார் மட்டும் அசையாமல் நிற்பார். பரோக் நாடகத்தன்மை என்று நோட்ஸில் ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்களே, அது இதுதான். எனக்குப் படம் பார்த்தால்தான் மண்டையில் ஏறும், உங்களுக்கு வேறு வழி சரிப்படலாம்.

தேர்வின் கேள்வி வகைகளுக்கு இதிலிருந்து கிடைப்பவை:

- கூற்று-காரணம்: முன்வரைவு எதற்கு? பணம் கொடுப்பவர் ஒப்புதலுக்கு, அப்புறம் பட்டறை ஆட்கள் பெரிதாக்குவதற்கு. அதே கோயிலின் 39 கூரை ஓவியங்களுக்கான 1620 ஒப்பந்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: சிறிய வரைவுகள் ரூபன்ஸ் தன் கையால் செய்ய வேண்டும், பெரியவற்றை வான் டைக்கும் மற்ற சீடர்களும் தீட்டலாம். 1718இல் கூரை எரிந்துபோனது, அந்தத் தொடரை இன்று பெரும்பாலும் முன்வரைவுகளையும் எரியும் முன் எடுத்த நகல்களையும் வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.
- கால வரிசை: 1622 சவேரியாருக்குப் புனிதர் பட்டம் (ஓவியம் அதற்கு முன்பே தயார், இதைக் கவனியுங்கள்), 1773 இயேசு சபை கலைப்பு, 1776 ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா ஓவியத்தை வாங்கியது.
- பொருத்துக: இதே பீடத்தில் மாறி மாறி வைக்கப்பட்ட, இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸின் படம், அதற்கும் வியன்னாவில் முன்வரைவு உண்டு.

நேரம் மிச்சமிருந்தால் ரூபன்ஸின் 'சிலுவையிலிருந்து இறக்குதல்' எடுங்கள். முன்வரைவு லண்டன் கோர்ட்டோல்டு கலைக்கூடத்தில், பீட ஓவியம் ஆண்ட்வெர்ப் பேராலயத்தில்.