பேங்க் எக்ஸாமுக்கு இங்கிலீஷ் டென்ஸ் படிச்ச கதை, தமிழ் மீடியம் ஆளுங்களுக்காக

பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம் தான். ஐபிபிஎஸ் கிளர்க் பிரிலிம்ஸுக்கு, அதாவது பேங்க் கிளர்க் வேலைக்கான முதல் கட்ட எக்ஸாமுக்கு படிக்க ஆரம்பிச்சப்போ கணக்கும் ரீசனிங்கும் ஓரளவு வந்துடுச்சு, இங்கிலீஷ் தான் இடிச்சுது. 30 கேள்வி, 20 நிமிஷம், தப்பா போட்டா கால் மார்க் போயிடும், அதுலயும் ஒவ்வொரு செக்‌ஷன்லயும் தனித்தனியா கட் ஆஃப் எடுக்கணும், அதனால இங்கிலீஷை விட்டுட்டு கணக்குல ஏத்திக்கலாம்னு நினைக்கவே முடியாது.

கோச்சிங்ல 12 டென்ஸையும் ஒரே டேபிளா போர்டுல போட்டு மனப்பாடம் பண்ண சொன்னாங்க. பண்ணியும் எரர் ஸ்பாட்டிங்ல தப்பு எங்கன்னு கண்ணுல படவே படல. அப்புறம் டேபிளை மூடி வச்சுட்டு நாம வீட்டுல பேசுறதுல இருந்தே ஆரம்பிச்சேன். சாப்பிடுறேன்னா ஐ ஈட், சாப்பிட்டுட்டு இருக்கேன்னா ஐ ஆம் ஈட்டிங், சாப்பிட்டிருக்கேன்னா ஐ ஹேவ் ஈட்டன், சாப்பிட்டேன்னா ஐ ஏட். பாதி டேபிள் நம்ம வாயிலயே இருக்குங்க, யாரும் அப்படி சொல்லித் தரல அவ்ளோ தான்.

ஆனா ரெண்டு இடத்துல தமிழை நம்பக் கூடாது. ஒண்ணு, "2019ல இருந்து இங்க வேலை பார்க்கிறேன்"னு நாம நிகழ்காலத்துல சொல்லுவோம், அதனால "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019" நம்ம காதுக்கு சரியா தான் கேக்கும், எக்ஸாம்ல அது தப்பு. முன்னாடி ஆரம்பிச்சு இன்னும் ஓடிட்டு இருந்தா ஹேவ் பீன் வொர்க்கிங் தான் வரணும். சின்ஸ் வந்தா எப்போ ஆரம்பிச்சுதுன்னு, ஃபார் வந்தா எவ்ளோ காலம்னு பார்த்துக்கோங்க.

இன்னொண்ணு, "நேத்து கோயிலுக்குப் போயிருந்தேன்". இதை ஐ ஹேட் கான்னு மாத்தத் தோணும். யெஸ்டர்டே வந்தாலே சும்மா ஐ வென்ட் போதும். ரெண்டு பழைய சம்பவத்துல எது முதல்ல நடந்துச்சுன்னு காட்டத் தான் ஹேட். நான் பஸ் ஸ்டாண்டு போய் சேர்றதுக்குள்ள பஸ் கிளம்பிடுச்சுன்னா கிளம்பினது முதல்ல, அதனால "த பஸ் ஹேட் லெஃப்ட் வென் ஐ ரீச்ட் த பஸ் ஸ்டாண்ட்". இது பிடிபட்ட அன்னைக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்ல நவுன், வெர்ப் சுலபம். அட்ஜெக்டிவ், ஆட்வெர்ப் தான் குழப்பும், அதுக்கும் தமிழ்லயே வழி இருக்கு. அழகான கையெழுத்துன்னா அட்ஜெக்டிவ், அழகா எழுதுறான்னா ஆட்வெர்ப். ஆனா ஃப்ரெண்ட்லி பார்க்க ஆட்வெர்ப் மாதிரி இருந்தாலும் அட்ஜெக்டிவ், ஹார்ட்லின்னா கஷ்டப்பட்டு இல்ல, "ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்"னா அவன் வேலையே பெருசா பார்க்கிறதில்லன்னு அர்த்தம். இந்த மாதிரி வார்த்தைகளை மட்டும் தனியா எழுதி வச்சுக்கிட்டேன்.

தினமும் காலையில எரர் ஸ்பாட்டிங் எடுத்து, வெர்புக்கு அடிக்கோடு, காலத்தைக் காட்டுற வார்த்தைக்கு வட்டம், ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பார்க்கிறது, அப்புறம் சப்ஜெக்ட் ஒருமையா பன்மையான்னு பார்க்கிறது. கொஞ்ச நாள்ல கோடு போடாமலே கண்ணு அங்க போக ஆரம்பிச்சுடுச்சு.

பிரிலிம்ஸ் கிளியர் ஆயிடுச்சு, இப்போ மெயின்ஸுக்கு ஆர்டிகிள்ஸ் ஓடுது. 'த' மாதிரி ஒண்ணு தமிழ்ல இல்லாததால இந்த வழி அங்க வேலைக்கு ஆகல. தமிழ் மீடியத்துல இருந்து வந்து அதைப் பிடிச்சவங்க இருந்தா எப்படி படிச்சீங்கன்னு சொல்லுங்க.