மேற்கொண்டு களைதல்

பகுதிநேரமாகத் தமிழில் பட்டப்படிப்பு பயிலும் மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு நெறியாளராகப் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் தமிழ் கற்பிப்பவர்கள். திருத்தி முடிக்காத பயிற்சிப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு மாலை ஏழு மணி வகுப்புக்கு வருவார்கள். அவர்கள் தரும் ஆய்வேட்டில் நான் முதலில் புரட்டுவது ‘ஆய்வு முன்னோடிகள்’ என்ற பகுதியைத்தான். முன்னர் ஆய்ந்தவர்களோடு இவர் பேசியிருக்கிறாரா, அவர்களை வரிசையில் நிறுத்தி வணங்கிவிட்டு வந்துவிட்டாரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் வணக்கமே காணக் கிடைக்கிறது. ஒரு பத்திக்கு ஓர் அறிஞர்; அவர் தமது நூலில் இவ்வாறு கூறுகிறார் என்று தொடங்கி, மேற்கோள் ஒன்றைத் தந்து, அடுத்த பத்தியில் அடுத்த அறிஞரும் இவ்வாறு கூறுகிறார் என்று தொடர்கிறது. இருவரும் ஒன்றுக்கொன்று முரணானவற்றைக் கூறியிருந்தாலும் அந்த முரண் எழுதுபவரின் கண்ணில் படுவதில்லை. இதைச் சோம்பல் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. ஆசிரியரை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள் இவர்கள்; இன்று தாங்களே ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். மேலும், இவ்வூரின் தமிழ் ஆய்வு வட்டம் மிகச் சிறியது. இன்று ஒருவருடைய கட்டுரையை மறுத்து எழுதினால், ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தின் ஏதோ ஒரு நாற்காலி வரிசையில் அவர் பக்கத்திலேயே உட்கார வேண்டியிருக்கும். அந்தத் தயக்கம் நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் தயக்கத்தின் விளைவு மௌனமாக இருக்கும்போது, ஒரு தவறான முடிவு முப்பது ஆண்டுகள் கேள்வியின்றி மேற்கோள் காட்டப்படுகிறது.

ஆகவே முதல் சில வாரங்கள் வினைச்சொற்களிலேயே கழிகின்றன. ‘கூறுகிறார்’ என்பது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத சொல். ‘கருதுகிறார்’ என்றால் அது அவருடைய எண்ணம், சான்று இன்னும் வரவேண்டியிருக்கிறது. ‘சுட்டுகிறார்’ என்றால் அவர் காட்டும் பொருள் உண்மையில் அங்கே இருக்கிறது என்பதை எழுதுபவரும் ஏற்றுக்கொள்கிறார். ‘நிறுவியுள்ளார்’ என்றாலோ வழக்கு முடிந்தது. அதற்கு மேல் எழுதுபவர் மறுக்க வழியில்லை. ஒரே பக்கத்தில் ‘நிறுவியுள்ளார்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘ஆயினும் இது பொருந்தாது’ என்று எழுதிய ஆய்வேடுகளை நான் பலமுறை திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துத் தமிழில் எடுத்துரைக்கும்போது இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. இங்குள்ள மாணவர்கள் இரு மொழிகளிலும் படிப்பவர்கள் என்பதால் அது தினமும் நேர்வது. மூலக்கட்டுரையாசிரியர், இருக்கக்கூடும், பெரும்பாலும், கிடைத்த சான்றுகளின் அளவில் என்று எச்சரிக்கையோடு எழுதியிருப்பார். தமிழுக்கு வரும்போது அந்த எச்சரிக்கைச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, ‘இருந்தது’ என்று முற்றுப்பெற்று நிற்கும். பிறகு அந்த முற்றை மறுப்பது எளிது; ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டினால் போதும். மாணவர் மறுத்தது தாமே உண்டாக்கிய ஒரு கருத்தை. அறிஞர் சொன்னதை அன்று.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன் என்பதுதான். சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசில் வெளிவந்த தொடக்ககாலச் சிறுகதைகளைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையில், எனக்கு மூத்த ஆய்வாளர் ஒருவரின் முடிவை மறுத்திருந்தேன். அக்காலக் கதைகள் தமிழகத்தையே களமாகக் கொண்டவை என்பது அவர் முடிவு. இதழின் பழைய பிரதிகள் தேசிய நூலக வாரியத்தால் மின்வடிவாக்கப்பட்டு, வீட்டிலிருந்தபடியே பக்கம் பக்கமாகப் பார்க்க முடிந்த வசதியில், சிராங்கூன் சாலையும் துறைமுகமும் வரும் கதைகளை நான் தேடி எடுத்து அடுக்கினேன். அதோடு நின்றிருக்கலாம். ‘இதழ்களைக் கவனிக்கத் தவறிய அவசர முடிவு’ என்று ஒரு வரியையும் சேர்த்தேன். எழுதியபோது அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து என் மாணவர் ஒருவருடைய ஆய்வேட்டில் அந்த வரி திரும்பி வந்தது. அந்த மூத்த ஆய்வாளர் இதழ்களைப் பார்க்கவில்லை என்று நான் ‘நிறுவியுள்ளதாக’ அம்மாணவர் எழுதியிருந்தார். அந்த வினைச்சொல் என்னை உறுத்தியது. நான் அதை நிறுவினேனா? மறுநாள் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்துக்குச் சென்று, லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தில் மூலக்கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். முன்பு நான் படித்தது ஒரு நண்பர் தந்த ஒளிநகல். அதில் முதல் இரண்டு பக்கங்கள் இல்லை. அவற்றில்தான் அந்த மூத்த ஆய்வாளர் தம் எல்லையை வகுத்திருந்தார். நூல்வடிவம் பெற்ற கதைகளை மட்டுமே எடுத்துக்கொள்வதாகவும், இதழ்களை முழுமையாகப் பார்க்கும்போது தம் முடிவு மாறக்கூடும் என்றும் தெளிவாக எழுதியிருந்தார். அவர் எழுதிய காலத்தில் இதழ்களைப் பார்ப்பதென்றால் நுண்படச் சுருள்களைக் கருவியில் ஓட்டிக் கண்வலியோடு பார்ப்பது. என் கண்டுபிடிப்பை அவர் முன்கூட்டியே எதிர்பார்த்து, அதற்கு இடமும் விட்டுவைத்திருந்தார். அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் நான் அவரைக் குறை கூறியிருந்தேன்.

அவரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கதைகளைத் தேடி எடுத்தது நல்ல வேலை, தம்பி. என் கட்டுரை முடிந்த இடத்திலிருந்து நீங்கள் தொடங்கியிருந்தால் அந்த வேலை இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும்” என்றார். அடுத்து வெளியான என் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே திருத்தத்தை எழுதினேன். ஆனால் பழைய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. திருத்தம் அதைத் தொடர்ந்து ஓடி எல்லா இடத்துக்கும் சென்று சேர்வதில்லை.

அதற்குப் பிறகுதான், பல ஆண்டுகள் மனப்பாடமாக ஒப்பித்திருந்த நன்னூல் நூற்பா ஒன்று எனக்கு உண்மையில் விளங்கியது. நூலாசிரியன் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் வழிகளைப் பவணந்தியார் எழுவகை மதம் என்று வகுக்கிறார்; மதம் என்றால் இங்கே கொள்கை. உடன்படல், மறுத்தல் என்று தொடங்கும் அந்த வரிசையில் மூன்றாவது, ‘பிறர்தம் மதமேற்கொண்டு களைவு’, அதாவது பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு நீக்குவது. மறுத்தலுக்கு அடுத்து இது ஏன் தனியாக வேண்டும் என்று முன்பு யோசித்ததே இல்லை. மேற்கொள்ளுதல் என்றால் அடுத்தவர் கருத்தைச் சிறிது தூரமாவது தம் தோளில் சுமந்து நடப்பது. அப்படி நடந்தவருக்குத்தான் அது எந்த இடத்தில் கனக்கிறது, எந்த இடத்தில் தாங்காது என்பது தெரியும். உரையாசிரியர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன் அதற்கு உரை எழுதிய இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்ற மதிப்புப் பெயராலேயே சுட்டி, அவர் சொன்னதை எடுத்துவைத்து, பிறகு தடைகளை எழுப்பி மறுக்கிறார். மறுப்பில் தளர்வு இல்லை. மதிப்பிலும் குறைவு இல்லை.

ஒரு மாணவர் இதைக் கேட்டுவிட்டு, சிவஞான முனிவர் தம் கண்டனத்துக்கு ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்றே பெயரிட்டாரே, அங்கே மென்மை எங்கே என்று வினவினார். நல்ல வினா. வைத்தியநாத தேசிகரின் ‘இலக்கண விளக்கம்’ என்ற நூலை அவர் கடுமையாகத்தான் தாக்குகிறார். ஆனால் எதைத் தாக்குகிறாரோ அதை எடுத்துக் காட்டியே தாக்குகிறார். படிப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் பழைய வரியில் அந்த வாய்ப்பை நான் யாருக்கும் தரவில்லை. கடுமையைவிட அதுவே எனக்குப் பெரிய குற்றமாகத் தோன்றுகிறது.

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நாம் நம்முடைய சொந்தக் கருத்துக்கே பொருத்திப் பழகியிருக்கிறோம். பிறருடைய கருத்தை எடுத்துரைக்கும்போதும் அவை குற்றங்களே என்று இப்போது வகுப்பில் வலியுறுத்துகிறேன். மறுப்பு எழுதுவதற்கு முன் மறுக்கப்படுபவரின் கருத்தை நான்கு வரிகளில், அவரே படித்து ஆம் என்று சொல்லும்படி எழுதித் தர வேண்டும் என்பது என் வகுப்பின் வழக்கம். அவற்றுள் ஒரு வரியாவது அவருடைய சான்று எது, எல்லை எது என்பதைச் சொல்ல வேண்டும்.

இந்தப் பருவத்தில் என் மாணவர் ஒருவர், பள்ளியில் தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் கட்டுரையை மறுக்க வேண்டியவராக இருக்கிறார். “சார், அவர் பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ போடாமல் என்னால் எழுத முடியவில்லை” என்று முதல் நாள் சொன்னார். ‘கூறுகிறார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ விகுதியிலேயே மரியாதை இருக்கிறது என்று விளக்கியும் அவர் மனம் ஆறவில்லை. மூன்று முறை எழுதிக் கிழித்த பிறகு, அந்த நான்கு வரிகளை மட்டும் ஆசிரியருக்கு அனுப்பி, தாம் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று கேட்கலாமா என்றார். அனுப்பச் சொன்னேன்.

நேற்று பதில் வந்திருக்கிறது. இரண்டாம் வரியில் ‘எல்லாக் கவிதைகளும்’ என்று இருந்ததைப் ‘பெரும்பாலான கவிதைகள்’ என்று ஆசிரியர் திருத்தியிருக்கிறார். அவர் கட்டுரையிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஒரு சொல் மாறியதும் மாணவருடைய மறுப்பின் முதல் பத்தி நிற்கவில்லை. இரண்டாம் பத்தி நிற்கிறது. முன்னைவிட வலுவாகவே நிற்கிறது. இன்று வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, பின்வரிசையில் அமர்ந்து, முதல் பத்தியை அடித்துவிட்டு மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்.