இஜிஆர் கூலருக்கு ஆள் தேடிய ஏழு மாதம்

போன வருடம் மாசி மாதம் எங்கள் டாரஸ் லாரி ஒன்று சோலாப்பூர் தாண்டி நின்றுவிட்டது. டிரைவர் ஃபோனில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, காலையில ரேடியேட்டர்ல ஊத்துன தண்ணி மத்தியானம் காணோம்ங்க. கீழ ஒரு சொட்டுகூட ஒழுகல." அங்கிருந்த மெக்கானிக் ஹெட் கேஸ்கெட்தான் என்று முடிவு கட்டி ஹெட்டைக் கழற்றினார். கேஸ்கெட் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாளும், கூலியும், திரும்பி வரும் லோடும் போன பிறகு, எஞ்சினுக்குள் காற்று போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டைத் திறந்திருக்கிறார். உள்ளே வெளிறிய பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றதை ஃபோட்டோ எடுத்து அனுப்பினார். எஞ்சின் புகையைக் குளிர வைக்கும் இஜிஆர் கூலர் உள்ளுக்குள் விரிசல் விட்டு, கூலண்ட் அதன் வழியாக எஞ்சினுக்குள் போயிருக்கிறது. அந்த வெளிறிய நிறத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாமக்கல்லில் எங்களுக்கு 22 வண்டி. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ் 4 புகை விதி வந்த பிறகு வாங்கியவை 14. எங்களிடம் இருக்கும் இந்த 14 வண்டியிலும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்கே அனுப்பும் இஜிஆர் என்ற ஏற்பாடு உண்டு. அப்படி அனுப்பினால் எரியும் சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உண்டாகும். ஆனால் 500, 600 டிகிரியில் வரும் புகையை அப்படியே உள்ளே விட முடியாது, குளிர வைத்துத்தான் விட வேண்டும். அந்த வேலைதான் கூலருக்கு. எங்கள் வண்டிகளில் இருப்பது, மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய்க்குள் புகை, வெளியே 90 டிகிரி கூலண்ட் என்ற அமைப்பு. நாள் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிற தகடு அது.

ஒரே வருடத்தில் ஐந்து கூலர் போனது. கம்பெனி பார்ட் ஒன்றின் விலைக்கு வெளிமார்க்கெட்டில் மூன்று வாங்கலாம். "புகை வர்ற வழியப் பிளேட் வெச்சு அடைச்சுட்டா வேலை முடிஞ்சுதுங்க" என்று சொல்லவும் ஆள் இருந்தார்கள். அப்படி அடைத்த பிஎஸ் 6 வண்டி ஒன்று, எச்சரிக்கை விளக்கு எரிந்து இழுவை குறைந்து, எங்கள் பட்டறைக்கே ஒருநாள் ஊர்ந்து வந்தது. சட்டப்படியும் தப்பு. சரி, நல்ல சப்ளையர் ஒருவரைப் பிடிப்போம் என்று இறங்கினேன்.

நான்கு பேரிடம் விசாரித்தேன். டெல்லி காஷ்மீரி கேட்டில் ஒரு மொத்த வியாபாரி, சீனாவிலிருந்து இறக்கும் சென்னைக்காரர் ஒருவர், கோயம்புத்தூரில் சொந்தமாகச் செய்யும் ஒரு சின்ன ஆலை, பழையதை வெல்டிங் வைத்துக் கொடுக்கும் உள்ளூர்க்காரர். உள்ளூர்க்காரரை முதல் வாரமே விட்டுவிட்டேன். ஒரு விரிசலை அடைத்தால் அந்தச் சூட்டில் பக்கத்துக் குழாயின் ஒட்டு இளகுகிறது.

மற்ற மூவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விகளை அனுப்பினேன். ஸ்டெயின்லெஸ் என்ன கிரேடு, பிரேசிங் (வேறு உலோகத்தை உருக்கிக் குழாய்களை ஒட்டும் வேலை) எங்கே நடக்கிறது, லீக் டெஸ்ட் எப்படி, கிளெய்ம் வந்தால் என்ன செய்வீர்கள். டெல்லிக்காரர் பதிலுக்கு ஐஏடிஎஃப் 16949 சான்றிதழை அனுப்பினார், கலர் பிரின்ட், பெரிய முத்திரை. எனக்கும் முதலில் நம்பிக்கை வந்தது. அப்புறம் தெரிந்தவர் ஒருவர் விளக்கினார்: அது வண்டிக் கம்பெனிகளுக்குப் பொருள் கொடுக்கும் ஆலைகளுக்கான சான்று, வெளிமார்க்கெட்டுக்கு மட்டும் செய்யும் ஆலைக்கு அதைத் தர மாட்டார்கள். உற்றுப் பார்த்தால் சான்றிதழில் இருந்த முகவரி ஒன்று, பில்லில் இருந்த முகவரி வேறு. கோயம்புத்தூர்க்காரர், "எங்ககிட்ட அந்தச் சான்று கிடையாதுங்க. பிரேசிங் பண்ற வேக்குவம் ஃபர்னஸும் சொந்தமா இல்ல, வெளியில ஜாப் ஒர்க்தான்" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். வாங்குகிறவனிடம் இப்படியா பேசுவது என்று நினைத்தேன்.

மூவரிடமும் இரண்டிரண்டு சாம்பிளைக் காசு கொடுத்தே வாங்கினேன். இலவசமாக வரும் சாம்பிள் பொறுக்கி எடுத்து அனுப்பியதாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

எங்கள் ஃபோர்மேன் அண்ணன் முதலில் காந்தத்தை எடுத்தார். மூன்றிலும் ஒட்டவில்லை. "எல்லாமே நல்ல எஸ்எஸ்தாங்க" என்றார். வண்டியில் பொருந்தும் விளிம்பான ஃபிளேஞ்சைக் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டபோது, டெல்லிச் சரக்கில் 0.3 மில்லிமீட்டர் தகடு சுலபமாக நுழைந்தது. இதை வண்டியில் மாட்டினால் கேஸ்கெட் நிற்காது. அடுத்து, கூலண்ட் வழியின் ஒரு முனையை ரப்பர் வைத்து அடைத்து, மறு முனையில் 3 பார் அழுத்தத்தில் காற்று கொடுத்துத் தண்ணீர் டிரம்மில் அமுக்கினோம். ஒன்றிலும் குமிழி வரவில்லை. அண்ணன் விடவில்லை, டிரம் தண்ணீரைக் கொதிக்கும் பக்குவத்துக்குச் சுட வைக்கச் சொன்னார். உலோகம் சூட்டில் விரிந்தால்தான் மயிரிழை விரிசல் வாய் திறக்குமாம். இரண்டு நிமிடம் கழித்து டெல்லிச் சரக்கு ஒன்றின் புகை வாயிலிருந்து ஊசி முனை அளவுக் குமிழிகள் நூல் கோத்தாற்போல ஏறி வந்தன. பட்டறையில் யாரும் பேசவில்லை. டீ கொண்டுவந்த பையன்கூட நின்று பார்த்தான்.

மீதமிருந்த ஒவ்வொன்றை லேத் பட்டறையில் பேண்ட்சாவில் குறுக்கே அறுத்தோம். சென்னைச் சரக்கில் குழாயும் தட்டும் சேரும் இடமெல்லாம் ஒட்டுக்கு உருக்கிய நிக்கல் ஒரே சீராக ஓடியிருந்தது, பார்க்கவே அழகு. கோயம்புத்தூர்ச் சரக்கில் அந்த அழகு இல்லை, சில இடங்களில் திட்டாக நின்றது, ஆனால் இடைவெளி எங்கும் இல்லை. டெல்லிச் சரக்கில் ஓரத்துக் குழாய் இரண்டைச் சுற்றிப் பாதி வட்டம் காலி. அறுத்த துண்டுகளைக் கோயம்புத்தூரில் பழைய ஸ்டீல் வாங்கி விற்பவரிடம் கொண்டுபோய் உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ துப்பாக்கியால் பார்த்தேன். மற்ற இரண்டும் 304 கிரேடு கணக்கில் வந்தன, அதாவது நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல். டெல்லிக் குழாயில் நிக்கல் 4 சொச்சம், மாங்கனீஸ் 6க்கு மேல். "இது 201ங்க, டம்ளர் செய்யற சரக்கு" என்று சிரித்தார் கடைக்காரர். அதிலும் காந்தம் ஒட்டாது. ஃபோர்மேன் அண்ணனிடம் சொன்னபோது காந்தத்தை எடுத்து டிராயரில் போட்டுவிட்டார்.

கோயம்புத்தூர் ஆலைக்கு அன்றைக்கே, சொல்லாமல் போனேன். தகர ஷெட், ஏழெட்டுப் பேர் வேலை செய்தார்கள். மூலையில் சிவப்பு டிரம்மில் தள்ளுபடியான கூலர்கள், ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் தேதியும் எந்த வரிசையில் லீக் என்பதும் எழுதியிருந்தது. சென்னைக்காரரிடம் சரக்கு அருமை, ஆனால் எந்த ஆலையில் செய்தது என்று கேட்டால் பதில் வராது. அடுத்த கன்டெய்னரில் இதே சரக்கு வரும் என்பதற்கு அவரிடமே உத்தரவாதம் இல்லை.

கோயம்புத்தூர்ச் சரக்கையும் சென்னைச் சரக்கையும் இரண்டிரண்டு வண்டிகளில் மாட்டி ஓட விட்டோம். நான்காவது மாதம் கோயம்புத்தூர் கூலர் ஒன்று லீக். எனக்கு எரிச்சலான எரிச்சல். கூப்பிட்டுக் கத்தினேன். மறுநாள் அவரே பஸ் ஏறி வந்தார். எங்கள் முற்றத்திலேயே அறுக்கச் சொன்னார். அறுத்தோம். குழாய்களுக்கு நடுவே வெள்ளையாகக் காரை, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போல. நகத்தால் சுரண்டிக் காட்டினார். "கிளெய்ம் தந்துடறேங்க. ஆனா நீங்க போர் தண்ணி ஊத்தறவரைக்கும் அடுத்ததும் இப்படித்தான் போகும்" என்றார். காரை படிந்த இடத்தில் கூலண்ட் ஓடாது, அந்தக் குழாய் மட்டும் கூடுதலாகச் சூடேறி ஒட்டு விட்டுப்போகும். அப்போதுதான் சோலாப்பூர் ஃபோட்டோ ஞாபகம் வந்தது. கூலண்ட் அத்தனை வெளிறிப் போயிருந்தால் அதில் பாதிக்கு மேல் எங்கள் போர் தண்ணீர்தான். போன ஐந்து கூலரில் எத்தனை அதனால் போனதோ, எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

இப்போது வண்டிக்கு ஒரு கேன் கலந்து வைத்த கூலண்ட் போகிறது. ஆசிட் ஊற்றி ரேடியேட்டர் கழுவுவதை நிறுத்திவிட்டோம், அது ஸ்டெயின்லெஸ் குழாயையும் அரிக்கும். தொப்பூர் கணவாய் ஏறி டீக்கு நிறுத்தினால் மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள். கூலருக்குக் கோயம்புத்தூர்க்காரரையே வைத்துக்கொண்டோம், ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சுடுதண்ணீரில் அமுக்கிப் பார்த்துத்தான் மற்றவற்றை எடுக்கிறோம். மகாராஷ்டிரா தாண்டிப் போகும் மூன்று வண்டிக்கு மட்டும் கம்பெனி பார்ட். அவ்வளவு தூரத்தில் நின்றால் மிச்சம் பிடித்ததெல்லாம் இழுவை வண்டிக்கே போய்விடும்.

டெல்லிக்காரர் இன்னும் தினமும் காலையில் ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் அனுப்புகிறார். போன வாரம் பூவுக்குக் கீழே புது விலைப்பட்டியல், கூலருக்கு இருநூறு ரூபாய் குறைத்திருக்கிறார்.