ஆணிகள் காட்டும் வலி

இயன்முறை மருத்துவத்தில் நாங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் படிவத்தில் மனித உடலின் முன்புறமும் பின்புறமும் வெறும் கோட்டுருவமாக அச்சிடப்பட்டிருக்கும். நோயாளி சொல்லச் சொல்ல, வலிக்கும் இடங்களைக் குறித்து, பக்கத்தில் வலியின் அளவாக 0 முதல் 10 வரை ஓர் எண்ணை எழுதுவோம். மதுரையில் முதுகெலும்பு முறிந்தவர்களுக்குப் பயிற்சி அளித்துவரும் எனக்கு, இந்தப் படிவத்தை நிரப்பக் கற்றுத்தந்தவை மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் தன்னுருவ ஓவியங்கள்.

6 வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய வலது கால் சூம்பியது. 1925 செப்டம்பரில், 18 வயதில், அவர் சென்ற பேருந்தின்மீது டிராம் மோதியதில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. இரும்புக் கைப்பிடிக் கம்பி ஒன்று இடுப்பைத் துளைத்தது. படுத்தபடியே வரைவதற்கென்று ஒரு சட்டத்தைத் தாய் செய்வித்துக் கொடுத்தார். கட்டிலின் விதானத்தில் கண்ணாடி பொருத்தப்பட்டது. அசையக் கூடாத அந்த நிலையில் அவர் நாள் முழுவதும் பார்த்திருந்த முகம் அவருடையதே. 1926இல் வரைந்த முதல் தன்னுருவ ஓவியத்தை, விலகிக்கொண்டிருந்த காதலருக்குக் கொடுத்தார்.

1944இல் வரைந்த 'உடைந்த தூண்' ஓவியத்தில், பிளந்த உடலுக்குள் முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் பல இடங்களில் விரிசலிட்ட கல்தூண் நிற்கிறது. உடலைச் சுற்றி வார்ப்பட்டைகள் இறுக்கியிருக்கின்றன. நான் அதிக நேரம் பார்ப்பது ஆணிகளைத்தான். முகத்திலும் கைகளிலும் சிறிய ஆணிகள். எல்லாவற்றிலும் பெரியது இதயத்தின் அருகே. இடுப்புக்குக் கீழே சுற்றிய துணியில் வலது காலின் பக்கம் மட்டுமே ஆணிகள் இறங்குகின்றன. எந்த இடத்தில், எந்த அளவில் என்று இவ்வளவு துல்லியமாக நிரப்பப்பட்ட படிவத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கண்ணீர் வழிகிறது, ஆனால் முகம் சுளிக்கவில்லை. முகம் சுளிக்காதவருக்கு வலி குறைவு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் துறையிலும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

1929இல் மணந்த ஓவியர் டியேகோ ரிவேராவிடமிருந்து 1939இல் அவர் மணவிலக்குப் பெற்றார். அவ்வாண்டு வரைந்த 'இரண்டு ஃப்ரிடாக்கள்' ஓவியத்தில், இதயம் வெளியே தெரிய, இரு பெண்கள் கைகோத்து அமர்ந்திருக்கிறார்கள். இருவரையும் ஒரே இரத்தக்குழாய் இணைக்கிறது. வெள்ளை உடை அணிந்தவர் அதன் அறுந்த முனையை அறுவைக் கிடுக்கியால் பிடித்தும் இரத்தம் பாவாடையில் சொட்டுகிறது. உடல்வலியை வரைந்தபோது இதயத்தின் அருகே பெரிய ஆணியை அறைந்தவர், பிரிவின் துயரை வரைந்தபோது மருத்துவமனைக் கருவியைக் கையில் எடுத்திருக்கிறார். இரண்டையும் அவர் தனித்தனி வார்டுகளுக்கு அனுப்பவில்லை. (1940 டிசம்பரில் இருவரும் மீண்டும் மணந்துகொண்டார்கள்.)

சோழவந்தான் பக்கத்துப் பெண் ஒருவர், விடியலுக்கு முன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லிகை ஏற்றிச் சென்ற வண்டி கவிழ்ந்ததில் முதுகெலும்பு முறிந்து என்னிடம் பயிற்சிக்கு வந்தார். சித்திரை வெயிலில், முதுகைத் தாங்க அணிந்த பெல்ட்டின் வார் அக்குளில் உராய்ந்து தோல் கன்றிப்போக, அவருடைய தாய் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்து அந்த இடத்தில் வைப்பார். கணவர் வருவது நின்றுவிட்டிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவந்தபோதும் அந்தப் பெண் சொல்லும் வலி எண் குறையவே இல்லை. "எங்கன வலிக்குதுன்னு கேட்டா நான் எதச் சொல்ல மேடம்? பெல்ட்டக் கழட்டுனாலும் நெஞ்சு அடைச்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

ஃப்ரிடாவைத் துணிச்சலின் சின்னமாகப் பலர் போற்றுகிறார்கள். நான் அவரை முதலில் துல்லியத்துக்காகவே மதிக்கிறேன். ஆகவே, பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் 'உடைந்த தூண்' ஓவியத்தின் படியையும் ஒரு வெற்றுப் படிவத்தையும் கொடுத்து, இந்த நோயாளிக்கு எங்கெல்லாம் வலிக்கிறது என்று குறிக்கச் சொல்கிறேன். முதுகெலும்பை எல்லோரும் குறித்துவிடுகிறார்கள். வலது காலைச் சிலர் கவனிக்கிறார்கள். இதயத்தின் அருகே உள்ள ஆணியைக் கண்டவர்கள், அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்கிறார்கள். அப்படியொரு கட்டம் படிவத்தில் கிடையாது. அடியில் உள்ள வெற்றிடத்தில், நோயாளி சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்கிறேன்.