வட்டிக்கு வாங்காமல் நாலு மெஷின் போட்ட அனுபவம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறவனுக்குக் கடன் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. தண்டலுக்குப் போனால் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார்கள், நூறு நாளைக்கு நூறு நூறாகக் கட்ட வேண்டும். பைனான்ஸில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி. பேங்க், முத்ரா, சிறுபான்மையினருக்குக் கடன் தரும் டாம்கோ எல்லாம் இவற்றைவிட மலிவுதான், ஆனால் அதுவும் வட்டிதான். வட்டி வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை என்பது தாராபுரத்தில் கடை வைத்திருந்த காலத்திலிருந்தே எங்கள் அத்தாவின் பிடிவாதம். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

பெரியதோட்டத்தில் ஆறு மெஷினோடு பவர் டேபிள் என்கிற தையல் யூனிட் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிலையான ஆர்டர் ஒன்று வந்ததும் இரண்டு ஓவர்லாக், இரண்டு பேட்லாக் தையல் மெஷின் கூடுதலாகத் தேவைப்பட்டது. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம், ஜிஎஸ்டி தனி. கையில் இருந்த பணம் சனிக்கிழமைச் சம்பளத்துக்கே சரியாக இருந்தது.

மலேசியாவில் இருக்கிற மாதிரி இங்கே ஏன் வட்டியில்லாத ஒரு இஸ்லாமிய பேங்க் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். 1949-ம் வருட வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி பேங்க் சரக்கு வாங்கி விற்கக் கூடாது. வட்டியில்லாத முறையோ பெரும்பாலும் சரக்கை வாங்கி விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிற்கிறது. 2008-ல் ரகுராம் ராஜன் கமிட்டி வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்யலாம் என்றது. 2017-ல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைத் தொடரப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. ஆக, இந்த வேலையை வியாபாரிகள் கூடி நடத்துவது போன்ற, பேங்க் அல்லாத நிறுவனங்கள்தான் செய்ய முடியும்.

அப்படி ஒன்று கோயம்புத்தூரில் இருப்பதாக உக்கடத்தில் இருக்கும் என் மச்சான் சொன்னார். பார்ட்னர்கள் சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தும் எல்எல்பி, அதாவது பொறுப்பு வரம்புள்ள கூட்டு நிறுவனம். நான் முதலில் கேட்டது, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குகிறீர்களா என்பதைத்தான். 2019-ல் பெங்களூரில் ஐஎம்ஏ என்ற முதலீட்டு நிறுவனம் கவிழ்ந்தபோது ஹலால் முதலீடு என்று நம்பிப் போட்டவர்கள் தெருவில் நின்றதை எல்லாரும் பார்த்தோம். இங்கே டெபாசிட் கிடையாது என்றார்கள், பார்ட்னர்ஷிப் பத்திரத்தையும் எடுத்துக் காட்டினார்கள். சரி என்று பேச ஆரம்பித்தோம்.

அவர்கள் முதலில் சொன்னது முராபஹா. மெஷினை அவர்களே காசு கொடுத்து வாங்கித் தங்கள் வசம் எடுத்துக்கொள்வார்கள், அதன் மேல் லாபம் வைத்து எனக்குத் தவணைக்கு விற்பார்கள். அடக்க விலை இவ்வளவு, லாபம் இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பேசிய விலை பேசியதுதான், தவணை தள்ளிப்போனாலும் ஒரு ரூபாய் ஏறாது. இரண்டு லட்சத்துக்கு வாங்கி 2,30,000-க்கு விற்பதாகவும், மாதம் 11,500 வீதம் இருபது தவணை என்றும் பேச்சு.

என் ஆடிட்டர் காங்கேயத்துக்காரர். பேப்பரைப் புரட்டிவிட்டு, "ஏனுங்க பாய், இதுல ஜிஎஸ்டி இடிக்குதுங்களே" என்றார். சரக்கு விற்பனை என்றால் முழு விலைக்கும் வரி பில் போட்ட அன்றே வந்துவிடும். அந்த வரியை நான் இன்புட் கிரெடிட்டாக எடுத்து, நான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். சேராத பாகத்துக்கு எடுத்த கிரெடிட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவும் வட்டியோடு. அப்புறம் பணம் கட்டக் கட்டத்தான் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். "வட்டி வேண்டாம்னு இத்தனை தூரம் போயி, கடைசியில கவர்மென்ட்டுக்கு வட்டி கட்டப் போறீங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழியையும் அவரே சொன்னார். மெஷினை விற்க வேண்டாம், வாடகைக்கு விடட்டும். மாதாமாதம் வாடகை பில், அந்தந்த மாதத்துக்கு மட்டும் வரி, அப்போதே பணமும் போய்விடும். வாடகையை நான் செலவில் காட்டிக்கொள்ளலாம், தேய்மானம் உடைமையாளர் கணக்கில் போகும். கோயம்புத்தூரில் கேட்டால், அதற்கும் இஜாரா என்று ஏற்பாடு இருக்கிறதே என்றார்கள். வாடகை அதே 11,500, வரி தனி, அதே இருபது மாதம். முடிந்ததும் மெஷினை எனக்கே கொடுத்துவிடுவார்கள்.

ஒப்பந்த நகல் வந்ததும் எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் கொண்டுபோனேன். மனிதர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படித்தார். ஏழாவது ஷரத்தில் விரல் நின்றது. எந்தக் காரணத்தால் மெஷின் பழுதானாலும், எரிந்தே போனாலும், செலவு வாடகைதாரருடையது, வாடகையும் தொடரும் என்று போட்டிருந்தார்கள்.

"தம்பி, பொருள் அவங்களோடதுன்னா அதோட நட்டமும் அவங்களோடதுதான். எரிஞ்ச மெஷினுக்கும் வாடகைன்னா அது வாடகையே இல்ல. காசு கொடுத்துக் காசு வாங்குறதுதான்."

பேனாவால் அந்த ஷரத்தை அடித்தார். ஊசி, எண்ணெய், லூப்பர், பெல்ட் போல ஓட்டத்தில் தேய்வது என் பாடு. மோட்டார், போர்டு, இன்ஷூரன்ஸ் அவர்கள் பாடு. நான் அஜாக்கிரதையால் கெடுத்தால் மட்டும் என் பொறுப்பு. மெஷின் ஓடும் நிலையில் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் வாடகை. கடைசியில் மெஷினைக் கொடுப்பது இதே ஒப்பந்தத்தில் வரக் கூடாது, அவர்கள் தனியாக ஒரு கடிதத்தில் வாக்குக் கொடுக்க வேண்டும். தாமதக் கட்டணம் போட்டால் அது தர்மத்துக்குப் போக வேண்டும், அவர்கள் வருமானத்தில் சேரக் கூடாது.

நிறுவனத்தில் முதலில் முகம் சுளித்தார்கள். வேறு யாரும் இப்படிக் கேட்டதில்லையாம். இதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். ஹலால் என்று போர்டு போட்டுவிட்டால் யாரும் ஷரத்தைப் படிப்பதில்லை போலிருக்கிறது. போனில் கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். இன்ஷூரன்ஸைத் தங்கள் பேரில் எடுத்தார்கள். வாடகையை ஏற்றவில்லை.

மெஷின் வாங்கக் கடைக்கு அவர்களுடைய ஆள் ஒருவர் நேரில் வந்தார். பில் அவர்கள் பேரில். நாலு மெஷினின் சீரியல் நம்பரையும் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் துண்டுத் துணி விட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு பேட்லாக்கில் தையல் விட்டு விட்டு விழுந்தது. அதை மாற்றிக் கொடுத்த பிறகுதான் வண்டியில் ஏற்றினார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய், திரும்பி வந்தபோது ஓவர் வோல்டேஜில் வந்தது. ஒரு ஓவர்லாக்கின் கன்ட்ரோல் பாக்ஸிலிருந்து கருகிய வாடை. பழைய ஷரத்து அப்படியே இருந்திருந்தால் செலவு முழுக்க என் தலையில்தான். போன் செய்து படம் அனுப்பினேன். மெக்கானிக்கை அனுப்பி போர்டை மாற்றினார்கள், அந்த மெஷின் நின்ற நாட்களுக்கான வாடகையை அடுத்த பில்லில் கழித்திருந்தார்கள். ஸ்டெபிலைசர் போடச் சொன்னார்கள், அது நியாயம், போட்டேன்.

கணக்கு கேட்கிறவர்களுக்கு: 12 சதவீதத்துக்கு பேங்க் கடன் கிடைத்திருந்தால் இருபது மாதத்தில் மொத்தம் 2,21,700 அளவில் முடிந்திருக்கும். நான் கட்டுவது 2,30,000. நூற்றுக்கு இரண்டு என்றால் வட்டி மட்டுமே 80,000. பேங்கைவிட எனக்கு எட்டாயிரத்துச் சொச்சம் கூடுதல்தான். ஆனால் பேங்க் கடனில் மெஷின் எரிந்தாலும் இஎம்ஐ நிற்காது, இன்ஷூரன்ஸ் பிரீமியமும் என் கையிலிருந்துதான் போயிருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இது கடன் இல்லை என்பதால் நான் ஒழுங்காகக் கட்டுவது, கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் சிபில் ஸ்கோரில் எங்கும் ஏறாது. நாளைக்கு வேறு எங்காவது தவணைக்குக் கேட்டால் காட்டுவதற்கு வாடகை பில்களும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான். மாதாமாதம் ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் ஆடிட்டர்.